எட்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் மணிக்கூண்டு. டைம் கீப்பர் வேலையில் இருபத்தாறு வருஷம். தூரத்தைச் சொன்னால் போதும், வண்டி எத்தனை மணிக்கு வந்து நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சீக்கிரம் வந்து சேரும் டிரைவர்தான் அவரிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வார். "பறந்தா வந்தே?" என்று கேட்டு, சீட்டில் சிவப்பு மையால் ஒரு சுழி போடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரே ஒரு தடவை கோட்டை விட்டார். மூன்று வருஷம் முன்பு மகள் கிழக்கே ஒரு வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பிய அன்று, அவர் ஏர்போர்ட் போய்ச் சேர நாற்பது நிமிஷம் தாமதம். அவள் உள்ளே போயிருந்தாள். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

இப்போது அவள் வருகிறாள். அவள் அனுப்பிய டிக்கெட்டை மனைவி பிரிண்ட் எடுத்து வந்தாள். தூரம் 8,800 கிலோமீட்டர். அங்கே காலை பத்துக்குப் புறப்பாடு. இங்கே அன்று மதியம் இரண்டுக்கு வருகை.

"நாலு மணி நேரத்துல எட்டாயிரத்து எண்ணூறா? யார் காதுல பூ சுத்தறான்?"

விமானம் மணிக்கு எண்ணூற்று எண்பது கிலோமீட்டர் போகும் என்று விசாரித்து வைத்திருந்தார். ஆக, பத்து மணி நேரம். சிவப்புப் பேனாவால் இரண்டை அடித்து, ராத்திரி எட்டு என்று திருத்தினார். திரும்பிப் போகும் டிக்கெட்டோ அதே தூரத்துக்குப் பதினாறு மணி நேரம் காட்டியது. தலை சுற்றியது.

"ரெண்டு ஊருக்கும் ஆறு மணி நேரம் வித்தியாசம்ங்க," என்றாள் மனைவி.

"அது தெரியும். கூட்டணுமா, கழிக்கணுமா?"

கழித்தால் மதியம் இரண்டு. கூட்டினால் நள்ளிரவு இரண்டு. சும்மா விட்டால் எட்டு. மகளிடமே கேட்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறவர் எந்த முகத்தோடு கேட்பது?

மூன்று வேளைக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பி, காலை ஆறு மணிக்கே ஏர்போர்ட் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு கூட்டமும் வெளியே வரும்போது எக்கி எக்கிப் பார்த்தார். கால் கடுத்தது. உட்காரவில்லை.

சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியபோது, பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். "அப்பா!"

அவர் அவள் கையைப் பிடித்தார். அந்தக் கையில் இருந்த, இன்னும் மாற்றி வைக்காத வாட்ச்சில் எட்டே முக்கால். சுவரைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். அவர் போட்ட கணக்கும் சரி, டிக்கெட்டும் சரி. இதெப்படி என்றுதான் விளங்கவில்லை.

"எப்பப்பா வந்தீங்க?"

"காலைல ஆறு மணிக்கு."

"டிக்கெட்ல ரெண்டு மணின்னு போட்டிருந்ததே!"

"எந்த மணி சரின்னு எனக்குப் புரியலம்மா. இந்தத் தடவையும் உன்னை விட்டுடக் கூடாதுல்ல? அதான் எல்லா மணிக்கும் நின்னுடலாம்னு வந்தேன்."