முன்னால் ஓடுபவரைத் தாண்டக் கூடாது

என் வாழ்க்கையில் நான் அடித்தது ஒரே ஒரு ஹோம் ரன். அதற்கு எனக்கு அவுட் கொடுத்தவர் என் அப்பா. கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பட்டம் வாங்கிய அன்றுகூடப் பார்த்ததில்லை.

அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஓய்வு பெற்றவர்கள் கோயில் கமிட்டி, காலை நடை, பேரப்பிள்ளைகள் என்று கௌரவமாகப் போய்ச் சேர்ந்தார்கள். இவர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பேஸ்பால் ஆட உட்கார்ந்தார். ஆட என்று சொல்வதே அதிகம். மட்டையை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. அணியை அமைத்துக் கொடுத்தால் போதும், ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். நடந்ததை வரி வரியாகத் திரையில் எழுதிக் காட்டும். அப்பா அதைப் பேப்பர் படிப்பதுபோல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படிப்பார். அணிகளுக்கெல்லாம் நம் ஊர்ப் பெயர்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், சாலாக் செலாத்தான், சுங்கை பூலோ. சுங்கை பூலோ அணி எப்போதும் தோற்கும். அங்கே என் பெரியப்பா குடியிருக்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அவருக்கு யார் ஜெயித்தார்கள் என்பதில் அக்கறையே இல்லை. அபூர்வமாக நடப்பதுதான் வேண்டும். ஒரே பந்தில் மூன்று பேர் அவுட் ஆவது. பந்து, மட்டைக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரின் கவசத்துக்குள் போய் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் அடம்பிடிப்பது. மூன்று பந்தையும் கோட்டைவிட்டு அவுட் ஆக வேண்டியவன், கேட்சர் பந்தைத் தவறவிட்டதால் ஓடிப்போய் முதல் பேஸில் ராஜா மாதிரி நிற்பது. இப்படி ஏதாவது திரையில் வந்தால், "ஏய், இங்க வந்து பாரு!" என்று வீடே அதிரும். அடுப்பில் குழம்பு கொதித்தாலும், நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும்.

"சாமி வந்தவங்ககூட இவ்வளவு சத்தம் போட மாட்டாங்க" என்பாள் அம்மா.

வருடக்கணக்காக உட்கார்ந்தும் அவருக்கு வாய்க்காதது ஒன்றுதான். பேஸ்பாலில் நான்கு மூலைகளுக்கு நான்கு பேஸ். அடித்தவர் அவற்றை வரிசையாகத் தொட்டுக்கொண்டு ஓடிவந்து, புறப்பட்ட இடமான ஹோமைத் தொட்டால் ஒரு ரன். ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று பேர்கூட ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் பின்னால் வருபவர் முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது. தாண்டினால், தாண்டியவர் அவுட். பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்திருந்தாலும் அவுட்தான். அப்பாவுக்கு இந்த விதிமேல் தனிப் பிரியம். ஒரே தண்டவாளத்தில் பின்னால் வரும் வண்டி முன்னால் போகும் வண்டியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதானே அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை? அந்த விதி ஒருமுறை மீறப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தவம் கிடந்தார். கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்கள் அந்தத் தப்பை மட்டும் செய்யவே இல்லை. அவர்களுக்கு மூளை இல்லாததால் இருக்கலாம்.

இந்தப் பைத்தியத்தின் நடுவே வளர்ந்த நான், பள்ளியில் சாப்ட்பால் ஆடினேன். சுபாங் ஜெயாவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆபீஸின் வார இறுதி பேஸ்பால் அணியில் சேர்ந்தேன். ஆணும் பெண்ணும் கலந்த அணி. திறமையை யாரும் கேட்பதில்லை. ஒன்பது பேர் சேர்ந்தாலே கொண்டாட்டம். அங்கேதான் அவனைச் சந்தித்தேன். கிள்ளான்காரன். மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். மட்டையைப் பிடித்தால் கொசு விரட்டுவதுபோல் இருக்கும், ஆனால் நல்லவன். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். அவன் அம்மாவுக்குச் சம்மதம். என் அம்மாவுக்கும் சம்மதம். என் அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சம்மதம் சொன்னார். அவன் அப்பா மட்டும் சொல்லவில்லை.

அவருக்கு என்மேல் குறை ஒன்றும் இல்லையாம். ரயில்வேக்காரர் மகள் என்பதைக்கூட விழுங்கிவிட்டார். அவனுக்கு ஓர் அண்ணன் இருந்ததுதான் சங்கடம். ஜொகூரில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, ஆகும் அறிகுறியும் இல்லை. பார்த்த பெண்ணையெல்லாம் வேண்டாம் என்றுவிட்டு, இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். "தம்பிக்கு முதலில் முடியுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று குடும்ப வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருந்தார். அவன் அப்பா மசியவில்லை. "அவன் சொல்லுவான். மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்குச் செஞ்சா ஊர் என்ன பேசும்?" என்பதுதான் அவர் பதில். அந்த ஊர் யார், எங்கே இருக்கிறது, அதற்கு வேறு வேலை இல்லையா என்று நான் அவனிடம் கத்தினேன். அவன் பாவம், தரையைப் பார்த்தான். அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று நான் யாரோ ஒருவருக்குப் பெண் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு எரிந்தது.

சரி, இரண்டு குடும்பமும் ஒருமுறை நேரில் பார்த்துப் பேசட்டும் என்று ஏற்பாடு செய்தோம். தட்டில் பலகாரம் ஏந்திக்கொண்டு குனிந்து வர மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டதால், கிள்ளானில் எங்கள் ஆட்டம் நடக்கும் திடலுக்கே எல்லாரும் வருவதாக முடிவாயிற்று. ஆட்டத்தைப் பார்ப்பார்கள், மரத்தடியில் தேத்தண்ணி குடிப்பார்கள், பேச்சு தானாக வரும். அப்படித்தான் திட்டம்.

அன்று அம்பயர் வரவில்லை. என் அப்பா எழுந்த வேகத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விதிகளை அவரைவிட அறிந்தவர் அந்தத் திடலில் யாரும் இல்லை என்பதால், எதிரணியின் சீனத் தலைவர் ஒரு தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தார். எங்கள் அணியிலும் ஓர் ஆள் குறைந்தது. எட்டு பேரோடு இறங்கினால் தோற்றதாகக் கணக்கு. அவன் தன் அப்பாவைப் பார்த்தான். ட்ராக் பேன்ட்டும் தோல் செருப்புமாக வந்திருந்த அங்கிள், "சும்மா நிக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆட்டத்தின் கடைசிச் சுற்று வந்தபோது நாங்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். முதலில் அங்கிள் மட்டையோடு நின்றார். சும்மாதான் நின்றார். பந்து நேராக வந்து அவர் இடுப்பில் பட்டது. அடி வாங்கியவருக்கு முதல் பேஸ் இலவசம் என்று அப்பா கையைக் காட்டினார். "பரவாயில்லையே, நியாயமான விளையாட்டா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அங்கிள் இடுப்பைத் தேய்த்தபடி முதல் பேஸுக்கு நடந்தார்.

அடுத்து நான். எப்படிப் பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய், வேலியைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த பெரிய சாக்கடைக் காணில் விழுந்தது. ஹோம் ரன். இனி யாரும் பந்தை எடுத்துவந்து எங்களை அவுட் ஆக்க முடியாது. அங்கிளும் நானும் வரிசையாகச் சுற்றிவந்து ஹோமைத் தொட்டால் இரண்டு ரன், வெற்றி. நடந்தே வரலாம். ஆனால் முதல் ஹோம் ரன் அடித்தவள் நடப்பாளா? பறந்தேன்.

இரண்டாவது பேஸைத் தாண்டியதும் பார்க்கிறேன், அங்கிள் வழியில் குனிந்து நிற்கிறார். ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. நான் அவருக்குப் பின்னால் பிரேக் போட்டு நின்றேன். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டு அவர் திரும்பினார்.

"அடடா, நீயா? நீ போம்மா, நான் மெதுவா வரேன்" என்று ஒதுங்கி வழி விட்டார்.

"இல்ல அங்கிள், நீங்க போங்க."

"பரவாயில்ல, நீ முன்னால போ."

"இல்லல்ல, நீங்க போங்க அங்கிள், நான் பின்னாலயே வரேன்."

"தாண்டாதே லா! தாண்டாதே!" என்று எங்கள் அணி முழுக்கக் கத்தியது. அவன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

விதி எனக்குத் தெரியாதா? சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட விதி அது. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் கரண்டியை நீட்டி "நீங்க எடுங்க, நீங்க எடுங்க" என்று எத்தனை முறை சொல்லலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கும் ஓர் அளவு உண்டு. அங்கிளின் புருவம் மெல்லச் சுருங்கியது. பெரியவர் வாய்விட்டுச் சொல்லியும் கேட்காத பெண் என்று இந்த மனிதர் நினைத்துவிட்டால், நான் எத்தனை ரன் எடுத்து என்ன?

போனேன். தெரிந்தே போனேன்.

"அவுட்!" என்றார் அப்பா. கை வானத்தைக் குத்தியது. தொப்பி கோணலாகிவிட்டது. கண் கலங்கியிருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். வருடக்கணக்கான தவம் அல்லவா? பெற்ற மகளே வரம் கொடுத்துவிட்டாள்.

அங்கிள் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவை நோக்கி நடக்கப் பார்த்தார்.

"அங்கயே நில்லுங்க சார்!" என்று அப்பா அலறினார். "நீங்க இன்னும் ஆட்டத்துல இருக்கீங்க. பாதையை விட்டு விலகினா நீங்களும் அவுட்டு."

ஆகவே இரண்டு குடும்பத்துப் பெரியவர்களின் முதல் பேச்சுவார்த்தை, ஒருவர் ஹோமிலும் ஒருவர் இரண்டாவது, மூன்றாவது பேஸுகளுக்கு நடுவிலும் நின்றுகொண்டு, திடல் முழுக்கக் கேட்கும்படி நடந்தது.

"எதுக்கு சார் அவுட்டு? அடிச்சது அந்தப் பிள்ளை. பந்து காணுல கிடக்கு."

"முன்னால போறவரைத் தாண்டிட்டா சார். தாண்டக் கூடாது."

"அவளா தாண்டல. நான்தான் போகச் சொன்னேன்."

"யார் சொன்னாலும் சரி. வரிசைன்னா வரிசை."

அப்பா யார் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கும் அதே நியாயத்தை, என் அப்பாவே அம்பயர் தொப்பி போட்டுக்கொண்டு, திடலில் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். வாயைப் பொத்தலாம் என்றால் நான் அவுட் ஆகி வெளியே நிற்கிறேன். அம்மா கையால் ஜாடை காட்டிப் பார்த்தாள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அங்கிளுக்குச் சூடு ஏறிவிட்டது. "என்ன சார் பேசுறீங்க? பின்னால வர்ற பிள்ளைக்கு வேகம் இருக்கு. முன்னால இருக்கிறவனே மனசார ஒதுங்கி வழி விட்டுட்டான். அப்புறம் அவ போனதுல என்ன தப்பு? நடுவுல உங்களுக்கு என்ன வந்துச்சு?"

மரத்தடியில் அவன் அம்மா, ஆன்டி, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அதைத்தானே பெரியவனும் வாட்ஸ்அப்ல எழுதினான்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அங்கிள் நின்ற இடம் வரை கேட்டது.

அங்கிள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். ஆன்டியைப் பார்த்தார். தன் மகனைப் பார்த்தார். அவன் வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செருப்பைக் கீழே போட்டு, காலை நுழைத்து, மூன்றாவது பேஸைத் தொட்டு, அவசரமே இல்லாமல் நடந்துவந்து ஹோமை மிதித்தார். ஒரு ரன். ஆட்டம் சமன். அடுத்து வந்த என் வருங்காலம் மூன்று பந்தையும் கோட்டைவிட்டது. அதற்குள் கிள்ளான் மழை கொட்ட ஆரம்பித்தது, எல்லாரும் தகரக் கூரைக்கு அடியில் ஓடினோம்.

கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் தட்டு சுற்றி வந்தது. அங்கிள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.  என் கையிலிருந்த கறிபாப் நசுங்கியது.

"அந்த ரூல்ல விதிவிலக்கே கிடையாதா சார்?" என்று கேட்டார்.

"கிடையவே கிடையாது" என்றார் அப்பா, பெருமையாக.

"ரொம்பக் கொடுமையான ரூல்" என்றார் அங்கிள். தேத்தண்ணியை ஊதி ஒரு வாய் குடித்தார். "சரி, ஆடி முடியட்டும். ஆவணியில வெச்சுக்கலாம்."

ஆன்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவன் முதல்முறையாகத் தரையிலிருந்து தலையை எடுத்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறியது.

"ஆவணியிலயா?" என்றார் அப்பா. "அவ்வளவு தள்ளிப் போட்டா பந்து போடுற பிட்ச்சருக்கெல்லாம் பழக்கம் விட்டுப் போயிடுமே சார். அடுத்த வாரமே திரும்ப ஆடலாமே?"

அம்மா எழுந்துவந்து அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினாள். "மேட்ச் முடிஞ்சு போச்சு. அவர் பொண்ணோட அப்பாகிட்ட பேசிக்கிட்டு இருக்கார்" என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சம்மதம் சொன்னவர், இப்போது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இவ கிள்ளானுக்கு வந்துடுவாளா?" என்று கேட்டார். "வீட்டுல நான் யாரைக் கூப்பிட்டுக் காட்டுறது?"