அரிசிக்கு நெத்திலி

செம்மொழி டீச்சர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண். அம்மா நடவுக்குப் போய்க் கூலியாக வாங்கி வந்த நெல்லில் வளர்ந்தவள். இப்போது கீழ்வேளூர் அருகே ஒரு கிராமப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறாள். பாடத்தை வாயால் சொல்லி முடிப்பது அவளுக்குப் பிடிக்காது. பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்வாள். பாதி நாள் ஏதாவது கவிழும். அதற்கும் சிரித்துக்கொள்வாள்.

பண்டமாற்றுப் பாடம் வந்தது. "நாளைக்கு வகுப்புல சந்தை. காசு கிடையாது. வீட்டுல நெறைய இருக்கறதுல கொஞ்சம், கேட்டுட்டு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் பிள்ளைகள் தரையில் கடை விரித்தார்கள். டீச்சர் ஒரு சுற்று வந்தாள். அரிசி. அடுத்ததும் அரிசி. அதற்கடுத்தது நெல். அறுவடை முடிந்த மாசி மாதம். வீட்டில் வேறென்ன நிறைந்திருக்கும்?

"டீச்சர், என் அரிசிய யாரும் வாங்க மாட்டேங்குறாங்க" என்றான் பரிதி.

"நீ மோகனப்பிரியாகிட்ட மாத்திக்கயேன்."

"எதுக்கு? அதான் எங்கிட்டயே இருக்கே."

இதை யோசிக்காமல் விட்டோமே என்று அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். திறந்த வேகத்தில் சந்தை படுத்துவிட்டது.

மூலையில் ஆர்த்தி மட்டும் கடை விரிக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து வந்து சேர்ந்தவள். அம்மா இங்கே கடைத்தெருவில் மீன் விற்கிறாள். பேர் கேட்டால் பேர் சொல்வாள். அதற்கு மேல் பேச்சில்லை. மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா அது?"

"நெத்திலிக் கருவாடு டீச்சர். வாடை அடிக்கும்னு சொல்லுவாங்க. எடுத்துட்டுப் போயிடுறேன்."

"மொதல்ல பிரி, பாப்போம்."

பிரித்தாள். வாடை அடிக்கத்தான் செய்தது. அத்தனை தலைகளும் திரும்பின. பரிதிதான் முதலில் ஓடிவந்தான். "எங்கம்மாவுக்கு இதுன்னா உசுரு. ஒரு டம்ளர் அரிசி தர்றேன்."

"நான் ரெண்டு தர்றேன்" என்றாள் மோகனப்பிரியா.

ஆர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அதுவரை யாரும் கேட்டிராத கணீர்க் குரலில், "தள்ளி நில்லுங்க. ஒரு கைப்பிடிக்கு ரெண்டு டம்ளர். நொய்யி வேணாம், முழு அரிசிதான்" என்றாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட வியாபாரமெல்லாம் வாயில் வந்தது.

மணி அடிப்பதற்குள் அவள் பை நிரம்பிவிட்டது. தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. "இத எப்புடி டீச்சர் வீட்டுக்குக் கொண்டு போறது?"

மோகனப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். "இதுக்குத்தான் காசுன்னு ஒண்ணு வந்துச்சா டீச்சர்?"

அடுத்த வாரம் நடத்த வைத்திருந்த பாடம் அது. செம்மொழி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

மிச்சம் ஒரு கைப்பிடி நெத்திலி இருந்தது. டீச்சர் தன் பேனாவை நீட்டினாள். ஆர்த்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பேனா எங்கிட்ட இருக்கு டீச்சர். ஒங்க ஸ்கூட்டில கூட்டிட்டுப் போறீங்களா?"

"அதுக்கு ரெண்டு கைப்பிடி ஆவும்."

"ஒண்ணுதான் இருக்கு."

"சரி, ஏறு."

சாயங்காலம் அரிசிப் பையைக் காலடியில் வைத்து, ஆர்த்தியின் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டு, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து பேச்சு ஆரம்பித்தது. கடல், அப்பா போகும் படகு, அங்கே விட்டுவந்த பூனை என்று நிற்கவே இல்லை. செம்மொழி நேர்வழியை விட்டு, வாய்க்கால் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு மெல்ல ஓட்டினாள்.