மழைக்கு ஒதுங்கியவர்கள்

ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பை நான் கெடுத்தேன். கெடுக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, மிரட்டவும் இல்லை. நான்கு வரியில் ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நான்கு வரியில் எதையும் பொய் என்று காட்ட முடியாது. அதனால்தான் அது நிலைத்து நின்றது.

அப்போது ஐம்பதுகளின் பின்பாதி. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருந்த ஒரு சிறிய நகரசபையில் கல்விப் பிரிவுக் குமாஸ்தாவாக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சேலத்தில் பாதிரிமார் பள்ளியில் படித்து, இன்டர்மீடியட் தேறி, வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா படுக்கையில் இருந்தார். இதைச் சொல்வது காரணம் காட்ட அல்ல. அந்த நாளில் என் மனம் எதைச் சுற்றிக்கொண்டிருந்தது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் நகரசபை வருடத்துக்கு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தது. தத்து என்பது ஊரார் வைத்த பெயர். உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு நகரசபையே புரட்டாசியில் ஒரு பரீட்சை வைக்கும். முதலில் வரும் பிள்ளைக்குக் குடியரசு தினத்தன்று பூங்காவில், ரேடியோ மண்டபத்தின் முன்னால் மேடை போட்டு மாலை சூட்டுவார்கள். நாயனத்தோடு நான்கு வீதியும் ஜீப்பில் ஊர்வலம். அதற்கப்புறம் கல்லூரிப் படிப்பு முடியும்வரை சம்பளம், விடுதி, புத்தகம் எல்லாம் நகரசபை பார்த்துக்கொள்ளும். ஒரே நிபந்தனை, பிள்ளையின் குடும்பம் நகர எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். குடியிருக்கிறதா என்று நேரில் பார்த்து எழுதுவது என் வேலை.

அந்த வருடம் முதலில் வந்தது நெசவாளர் தெருவில் ஒரு பெண். இரண்டாவது வந்தது எங்கள் மேனேஜரின் தங்கை மகன்.

நெசவாளர் தெரு ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. வீட்டுக்கு வீடு குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வார்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். அந்த நாட்களில் பல குடும்பங்கள் தறியைக் கழற்றிக்கொண்டு, ஓடைக்கு அப்பால் மேட்டுக் கிராமத்தில் இருக்கும் உறவினர் வீடுகளுக்குப் போய்விடும். தண்ணீர் வடிந்ததும் திரும்பிவிடும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுவரி வசூலிப்பவர்கூட அந்தத் தெருவுக்குத் தை பிறந்த பிறகுதான் போவார். ஓடையோடு நகர எல்லை முடிகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நான் போன நாளில் அந்தப் பெண்ணின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்தாமலே பேசினார்.

"குழியில தண்ணி ஊறிருச்சுங்க சாமி. ஓடைக்கு அக்கட்ட பெரியம்மா ஊட்டுக்குப் போயிருக்கறாங்க. தை பொறந்தா வந்துருவாங்க. வருசா வருசம் நடக்கறதுதானுங்களே."

"சரிங்க."

"அந்தப் புள்ள மொதலாவது வந்துருக்குதாமா? நகரசபையே படிக்க வெக்குமாமா?"

"ஆமாங்க."

"நல்லாப் பாத்து எளுதுங்க சாமி. இந்தத் தெருவுல காலேசு வாசல மிதிச்ச சனம் ஒண்ணுமில்ல."

ஆபீசுக்குத் திரும்பி எழுதினேன். நேரில் சென்று பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தார் ஓடைக்கு அப்பாலுள்ள கிராமத்தில் இருப்பதாக அக்கம்பக்கத்தில் தெரிவித்தார்கள். அந்தக் கிராமம் நகர எல்லைக்கு வெளியே உள்ளது. எழுதி முடித்து மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தை மாதத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்க இடம் இருந்தது. சேர்க்கவில்லை.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நேர்ல போனீங்களா தம்பி?"

"போனேனுங்க."

"அப்பச் சரி." அவ்வளவுதான் பேச்சு. தன் தங்கை மகனைப் பற்றி அவர் அன்றும் வாய் திறக்கவில்லை, அதற்கு முன்னும் திறந்ததில்லை.

தேர்வான பிள்ளையின் பெயரை நகரசபை வாசலில் ஒட்டிய மறுநாள் அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றார்.

"ஏனுங்க சாமி, மழைக்கு ஒதுங்குனது ஒரு குத்தமுங்களா?"

"குத்தம்னு யாருங்க சொன்னது? எல்லைக்குள்ள குடியிருக்கணும்னு விதி. நான் வந்தப்ப வீடு பூட்டியிருந்துச்சு."

பெண் முன்னால் வந்தாள். "பக்கத்தூட்டு அக்கா உங்ககிட்டப் பேசுனாங்களாம் சார். தையில வந்துருவோம்னு சொன்னாங்களாம்."

"அப்படி யாரும் எங்கிட்டச் சொல்லல."

முழுப் பொய் என்று நான் சொன்னது இந்த ஒன்றுதான். அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "உடு கண்ணு. சார் படிச்சவரு. பொய் சொல்லி அவுருக்கு என்ன ஆவப்போவுது?"

அவர்கள் நகரசபைத் தலைவருக்கு மனுப் போட்டார்கள். மனு சுற்றிவந்து பதில் எழுதுவதற்காக என் மேசைக்கே வந்தது. நேரில் விசாரித்த அறிக்கையின்படி கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்று நானே எழுதினேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறைத்து அறிக்கை எழுதியதற்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் படிப்பு போகும். வேலை என்னுடையது, படிப்பு வேறொருவருடையது. முடிவெடுக்க எனக்கு ஒரு மத்தியானம்கூடத் தேவைப்படவில்லை.

மார்கழியில் வேலை நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. மேனேஜர் அதை நீட்டிக்கொண்டே சொன்னார்: "இது ஆவணியிலயே கையெழுத்தாச்சு தம்பி. டெஸ்பாட்ச்ல யாரோ தொலைச்சுப்போட்டுத் தேடியிருக்காங்க." ஆவணி என்றால் நான் நெசவாளர் தெருவுக்குப் போவதற்கு முன்பு, பரீட்சைக்கும் முன்பு. எனக்கு வர வேண்டியது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. நான் எழுதிய நான்கு வரிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

குடியரசு தினத்தன்று வாழ்த்துப் பத்திரத்தை வாசிக்கும் வேலையும் எனக்கு வந்தது. மேனேஜரின் தங்கை மகன் நல்ல பையன், கூச்ச சுபாவம். மாலையின் கனத்தில் தலை குனிந்து நின்றான். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து மேடைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அவளும் இருந்தாள். வாத்தியார் கைகாட்டியபோதெல்லாம் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து கைதட்டினாள். "இவ்வூர் பெற்ற செல்வமே" என்று நானே எழுதிய வரியை ஒலிபெருக்கியில் நானே வாசித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு பெண்ணுக்குச் செய்த தீங்கோடு போயிருக்கும். ஆபீஸ் என்பது அப்படிப்பட்ட இடமல்ல. ஒருமுறை ஒரு கோப்பில் முடிவான விஷயம் அடுத்த கோப்புக்கு வழிகாட்டி. மறுவருடம் அதே தெருவில் வேறொரு பிள்ளை முதலில் வந்தபோது, வீடு பூட்டியிருந்தது என்று வேறொரு குமாஸ்தா எழுதினார். தையில் திரும்பிவிடுவார்கள் என்றும் நேர்மையாகச் சேர்த்து எழுதினார். மேனேஜர் ஓரத்தில், "சென்ற ஆண்டு முடிவைப் பார்க்க" என்று குறித்து அனுப்பினார். சென்ற ஆண்டுக் கோப்பை எடுத்து வைத்துக் கட்டியது நான். நான் செய்த தப்பு இப்போது ஊர் விதியாகிவிட்டது. அதன் பிறகு வந்த வருடங்களில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அப்படிப் போனார்கள். அதற்குள் நான் அந்தப் பிரிவுக்கே தலைமைக் குமாஸ்தா. விதியைக் கேள்வி கேட்டால் கோப்பின் அடிவரைக்கும் போவார்கள், அடியில் என் கையெழுத்து இருந்தது.

அந்தக் காலத்தில் நகரசபை ஊழியனுக்கு இடமாற்றம் கிடையாது. சேர்ந்த ஊரிலேயே ஓய்வு பெற வேண்டும். ஏரிக்கரைப் பக்கம் போவதை நிறுத்தினேன். ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தில் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது கோபத்தையும் சோம்பலையும் சொல்வேன், இதைச் சொல்லமாட்டேன். ஒரு வருடம் சொல்லிவிட்டேன். சாமியார், "அந்தப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "முடியாதா, பயமா?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். முதலில் வந்தவன் மறுபடியும் நெசவாளர் தெருப் பையன். அனுப்ப ஆள் இல்லாமல் விசாரணைக்கு நானே போனேன். தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. அந்த வீடு மட்டும் திறந்திருந்தது. உள்ளே கணுக்கால் தண்ணீர். கட்டிலின் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, அதன்மேல் அடுப்பு, பானை, ஒரு கைக்குழந்தை எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தார்கள். தறிக்குழி எது, தரை எது என்று தெரியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சு கரகரவென்றது.

"ஏன் மேட்டுக்குப் போகலைங்க?" என்று கேட்டேன்.

பையனின் அம்மா சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க. நீங்க வர்றப்ப ஊடு பூட்டியிருந்தா எளுதிப்போடுவீங்கல்லங்க? எட்டு நாளா உங்களுக்காவத்தான் குந்தியிருக்கறமுங்க." அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "பாத்துட்டீங்கல்ல சாமி? இனிப் போலாமுங்களா?"

போகச் சொன்னேன். குழந்தையை நானே வாங்கிக்கொண்டு ஓடைவரை நடந்தேன். அன்று மாலை, என் முதல் அறிக்கையில் எதை மறைத்தேன், ஏன் மறைத்தேன், அதனால் யார் யாருக்குப் படிப்பு போயிற்று என்று இரண்டு பக்கம் எழுதிக் கமிஷனரிடம் கொடுத்தேன். அவர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர். படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினார்.

"இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? பழைய தலைவர், உங்க மேனேஜர், அவர் தங்கச்சி மகன் எல்லார் பேரும் சந்திக்கு வரும். விதியை மாத்தணும், அவ்வளவுதானே? அதுக்கு ஒரு நோட்டுப் போடுங்க. உங்க கதையை அதுல சேக்காதீங்க."

விதி மாறியது. மழைக்கு ஒதுங்குவோரும் ஊராரே என்று தீர்மானம் வந்தது. என் கதை என் சட்டைப்பையில் இருந்தது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

ஆனால் வசதி ரொம்ப நாள் பொறுக்கவில்லை. விசாரித்துக்கொண்டு புதுச்சத்திரம் போனேன். அந்த முதல் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருந்த ஊர் அது. இரண்டு குழந்தைகள். ஜவ்வரிசி ஆலை ஒன்றில் மரவள்ளிக் கிழங்கு தோலுரிக்கும் வேலை. ஆலை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்மணி அழவில்லை, திட்டவும் இல்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் அப்பவே எனக்குத் தெரியுமுங்க. அப்பாவுக்குத்தான் தெரியல. சாவற வரைக்கும் உங்கள நல்லவருன்னுதான் சொல்லிட்டிருந்தாரு." கையை நீட்டினார். "இப்ப வாயில சொன்னத எளுதிக் குடுப்பீங்களா?"

"எழுதியே வச்சிருக்கேன்," என்று அந்த இரண்டு பக்கத்தையும் கொடுத்தேன்.

வாசித்துப் பார்த்தார். "தேதி போடலீங்களே. கையெழுத்தும் இல்ல." இரண்டையும் போட வைத்து வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் அதைத் தன் மனுவோடு இணைத்து நகரசபைக்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். இனிமேல் யாரும் மடித்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. விசாரணை நடந்தது. நான் எதையும் மறுக்கவில்லை. மேனேஜர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். வீட்டு வாசலில் என்னைப் பார்த்து, "நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதுண்டா?" என்றார். இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். என்னைப் பழையபடி குமாஸ்தாவாக இறக்கி, குழாய் வரி வாங்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். என் மனைவி ஆறு மாதம் கோயிலுக்கு என்னோடு வராமல், தனியாக வேறு நேரப் பூசைக்குப் போனாள்.

நெசவாளர் தெருக்காரர்கள் சபையில் பேசியதால், அந்தப் பெண்ணை அடுத்த குடியரசு தின விழாவுக்கு அழைத்துச் சால்வை போடுவதென்று தீர்மானித்தார்கள். அழைப்பைக் கொடுத்துவிட்டு வர என்னையே அனுப்பினார்கள். அது தண்டனையில் சேர்ந்ததா, சௌகரியத்துக்காகவா என்று தெரியாது.

ஆலை வாசலில் அவர் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலேசுக்கு அனுப்புவாங்களா?"

"அதுக்கு வயசு வரம்பு இருக்குதுங்க."

"டீச்சர் டிரெயினிங்?"

"அதுக்கும் இருக்குது."

"அப்பச் சால்வையப் போத்திக்கிட்டு நான் கெழங்கு உரிக்கவா?" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வரலைன்னு சொல்லிருங்க. எனக்குப் பதிலா வேற ஆரையும் நிறுத்தீராதீங்க. அந்தப் பழக்கம் உங்களுக்கு உண்டு."

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தலைவரிடம் சொன்னேன். கடைசி வாக்கியத்தையும் சொன்னேன். 

"சரி, நிகழ்ச்சி நிரல்ல அந்தச் சால்வை வரியை அடிச்சிருங்க," என்றார்.

நான் அடித்தேன்.