நித்திரைக்கு ஒரு பேணி பால்

நான் ஆண் நேர்ஸாக இருந்த ஆஸ்பத்திரி வாட்டில், நித்திரை வராத நோயாளிக்கு என்ன செய்வது என்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். அவர் கட்டில் தலைமாட்டில் தொங்கும் பெட்ஹெட் ரிக்கெற்றில் குளிசை, அதாவது நித்திரை மாத்திரை, எழுதுவார். அதற்கும் வராவிட்டால் இன்னொரு குளிசை. நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பது மட்டும் அந்த ஒழுங்கில் இல்லை.

அறுபதுகளின் நடுவில், பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்தொழிலாளி இராசையா நெஞ்சுவலியோடு வந்தார். "இவருக்கு நித்திரைதான் மருந்து. அது இல்லாட்டி இதயம் தாங்காது" என்றார் டொக்டர். இராசையாவுக்கோ கண்ணே மூடவில்லை. குளிசை இரண்டாயிற்று. கண் சிவந்ததுதான் மிச்சம்.

பக்கத்துக் கட்டிலில் உரும்பிராய்த் தோட்டக்காரர் வைத்திலிங்கம், தொய்வு என்னும் மூச்சிழுப்புக்காரர். பின்னேரத்தில் அவருக்கு வீட்டுப் பசுப்பால் வரும். பாதியை இராசையாவிடம், படகு முதலாளியை அழைப்பதுபோல் மரியாதையாகக் கூப்பிட்டு நீட்டுவார்.

"குடியும், சம்மாட்டியார். கிடந்தவுடனை கண் சொக்கும்."

"உங்களுக்குப் போதாமல் போகுமே, அண்ணை?"

"என்ரை பசு உம்மடை கடல் மாதிரி இல்லை. நாள் தவறாமல் தரும். வாய் வைச்சே குடியும்!"

அவர் நீட்டியது தன் சொந்த மூக்குப்பேணி, குழாய்மூக்கு வைத்த குவளை. அயலார் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கத்தான் அந்தப் பேணிக்கு மூக்கு வைத்தார்கள். ஒரு தோட்டக்காரர் கடற்கரை மனிதரிடம் "வாய் வைச்சுக் குடியும்" என்பது சாதி பார்த்த அந்த நாளில் சின்ன விஷயமல்ல. வாட்டே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் இராசையாவைப் பார்க்க வந்த மனைவி அதைக் கண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, இவர் பாலே குடிக்கிறார்? பால் குடிச்சால் இவருக்கு வயிறு ஊதிப் பொருமும். விடியுமட்டும் கக்கூசுக்கும் பாய்க்கும் நடைதான்!"

போய்க் கேட்டேன். இராசையா குரலைத் தாழ்த்தினார். "ஓம், தம்பி. வயித்துக்குள்ளை கச்சான் காத்து, கடல் கொந்தளிக்கிற மாதிரி. ஆனால் அந்த மனுசன் தன்ரை பேணியைத் தாறார். எப்பிடி வேண்டாமெண்டுறது?"

முறைப்படி டொக்டருக்கு அறிவித்தேன். மறுநாள் றவுண்டில், வாட் முழுக்கக் கேட்க, அவர் காரணம் சொல்லாமல் ஒரே வசனத்தில் வைத்தியத்தை முடித்தார்: "இராசையா, இனி உவரின்ரை பாலைத் தொடக்கூடாது!"

அன்றிரவு இராசையா குறட்டை விட்டார். விடிந்ததும் வைத்திலிங்கம் நேர்ஸ் மிசியைக் கூப்பிட்டார். "எங்கடை பால் உந்த ஆக்களுக்கு ஆகாதாம். என்னை அங்காலை மாத்துங்கோ." மாற்றினார்கள். அன்று மட்டும் எந்தத் தாமதமும் இல்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் இராசையா வாட்டின் மறுகோடிக்கு நடந்தார். "அண்ணை, போட்டு வாறன். பாலிலை பிழையில்லை. என்ரை வயிறுதான்..." வைத்திலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். உறங்குகிறவரின் மூச்சு எனக்குத் தெரியும். அது அதுவல்ல.

இப்போது நேர்ஸாகச் சேருகிறவர்களுக்கு: நித்திரை இல்லை என்பவரிடம், குளிசைக்கு முன் என்ன குடித்தார் என்று கேளுங்கள். பால் சிலரை உறங்க வைக்கும், சிலரை உருட்டி எடுக்கும். நிறுத்த நேர்ந்தால், கொடுத்தவரிடம் முதலில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து காரணத்தை மெல்லச் சொல்லுங்கள். நோயாளியின் கட்டிலில் நேர்ஸ் உட்காரக்கூடாது என்று விதி உண்டு. அன்றைக்கு மட்டும் அதை மீறுங்கள். எங்கள் வாட்டில் ஒருவரும் மீறவில்லை.