கரண்ட் வந்ததும் எழுகிற கால்

இன்று கோரிமேட்டு டீக்கடையில் கரண்ட் போய் வந்தது. என்னை அறியாமல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

எண்பதுகளில், சட்டம் படிக்கும்போதும் இதேதான். விவசாய, மின்சாரச் சட்ட ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு இண்டர்வியூ. வெளியே காத்திருந்ததெல்லாம் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள்.

"அப்பா என்ன பண்றாரு?" என்றார் இண்டர்வியூ எடுத்த பேராசிரியர்.

நான் வாய் திறப்பதற்குள், நின்றிருந்த ஃபேன் சுற்றத் தொடங்கியது. கரண்ட் வந்தால் வயலுக்கு ஓடி மோட்டார் போட்டே வளர்ந்த உடம்பு. சட்டென எழுந்து நின்றேன்.

தொலைந்தது வேலை என்று பார்த்தால், எதிரே அவரும் பாதி எழுந்திருந்தார்.

"உக்காருப்பா, இங்க மோட்டார் இல்ல. திங்கக்கெழம வேலைக்கு வந்துடு" என்றார்.

அப்பாடா! அப்பாவைப் பற்றி அப்புறம் அவர் கேட்கவே இல்லை.

கரண்ட் வந்தால் இன்னும் எழுந்து நிற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். டீ என் செலவு.