கோடு போட்ட டாப்பும் இந்த ஊரில் இல்லாத சீசன்களும்

1. மீட்டிங்

சென்னைக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று இருப்பது எங்கள் கடைச் சின்னவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்தது சைதாப்பேட்டை. எங்கள் தெரு வேப்பமரம் இலை கொட்டும் நாட்களில் நாங்கள் துடைப்பம்தான் எடுத்தோம். யாரும் கோட்டு எடுத்து மாட்டியதாக ஞாபகம் இல்லை.

நான் ஜவுளிக்கடையில் டிஸ்ப்ளே பார்ப்பவள். பொம்மைக்குத் துணி போடுகிறவள் என்றால் சட்டென்று புரியும். தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று எங்களுக்கு மூன்று கிளைகள். மூன்றிலும் ஷோகேஸில் நிற்கிற பொம்மைகள் எல்லாம் என் பொறுப்பு. எனக்குத் துணை நூர்ஜஹான், ராயப்பேட்டைக்காரி. ஆல்ட்ரேஷன் வேலையும் அவள்தான் பார்க்கிறாள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் "அக்கா, ஸ்டைலிங்னா என்னக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

சின்னவர் என்பது முதலாளியின் மகன். படிப்பு முடித்து வந்த கையோடு ஒரு டாப்பை மலைபோல வாங்கிக் குவித்துவிட்டார். நீலமும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு, முழுக்கை, பனியன் துணி. நல்ல துணிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குறுக்குக் கோடு என்றாலே நம் பெண்கள், "குண்டா தெரிவேன்" என்று திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் மலை மலையாகவே இருந்தது.

"ஒன் டாப், ஃபோர் சீசன்ஸ். ஆட்டம், விண்டர், ஸ்பிரிங், சம்மர். இதான் கான்செப்ட்" என்றார் மீட்டிங்கில்.

"சார், நமக்கு ஆடி, தீபாவளி, மார்கழி, பொங்கல். இதுதானே சீசன்?" என்றேன்.

"விஜி அக்கா, அது சேல்ஸ் சீசன். நான் சொல்றது ஃபேஷன் சீசன்."

நானும் விடவில்லை. வெயிலுக்கு இந்த டாப்பை வெளிர் நிறத் தொளதொள காட்டன் பேண்ட்டோடு போட்டு, ஸ்கூட்டியில் போகிறவளுக்குத் தலையைச் சுற்ற ஒரு ஸ்டோல் கொடுக்கலாம் என்றேன். மழைக்குக் கணுக்காலுக்கு மேல் நிற்கிற கறுப்புப் பேண்ட். வேளச்சேரித் தண்ணீரில் வெள்ளைப் பேண்ட் போட்டு இறங்குகிறவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஆபீஸ் ஏசிக்கு மேலே பட்டன் போடாமல் ஒரு ப்ளெய்ன் சட்டை. ரிசப்ஷனுக்குப் பட்டுப் பாவாடைக்குள் டக் பண்ணி, காதில் ஜிமிக்கி. மார்கழிக் கச்சேரிக்கு ப்ளெய்ன் புடவை, அதற்கு ஜாக்கெட்டாக இதே டாப்.

புடவை என்றதும் சின்னவர் கண்ணை மூடிக்கொண்டார். "அக்கா, பிளீஸ். பிராண்டைக் கீழ இறக்காதீங்க. நான் ஒரு ஏஜென்சி பேசியிருக்கேன். இது கிளிக் ஆச்சுன்னா மூணு பிராஞ்ச் டிஸ்ப்ளேவும் அவங்களுக்கே குடுத்துடலாம். நீங்க ரெண்டு பேரும் பில்லிங் சைடு வந்துடுங்க."

பில்லிங் சைடு என்றால் கவரில் துணி போட்டு ஸ்டேப்ளர் பின் அடிக்கிற மேஜை. என் சர்வீஸுக்கு அவர் போட்ட விலை அதுதான். வெளியே வந்ததும் நூர்ஜஹான், "இன்னாக்கா, நம்மள மூட்ட கட்டுறாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

2. ஜுரம் வந்த பொம்மை

டிசம்பர் பிறந்ததும் மயிலாப்பூர் கிளையில்தான் முதலில் வைத்தார்கள். ஏஜென்சியிலிருந்து வந்தவர்கள் ஷோகேஸைத் திரை போட்டு மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். நாங்கள் எட்டிப் பார்க்கக்கூட அனுமதி இல்லை. காபி மட்டும் எங்களிடம் கேட்டார்கள்.

திரையை விலக்கியபோது நான்கு பொம்மைகள். எல்லாம் இடுப்பில் கை வைத்து நிற்கிற வகை. எல்லாவற்றுக்கும் அதே கோடு போட்ட டாப். ஆட்டம் பொம்மைக்கு முழங்கால் வரை பழுப்புக் கோட்டு, காலடியில் பிளாஸ்டிக் இலைச் சருகு. விண்டருக்குக் கம்பளிக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், தலையில் குஞ்சம் வைத்த குல்லா. ஸ்பிரிங்குக்குத் தோளில் ஸ்வெட்டரைப் போர்த்தி முன்னால் முடிச்சு. சம்மர் பொம்மைக்கு முறம் அளவுக்கு ஒரு தொப்பி, முதுகுப்பக்கம் தொங்குகிற சால்வை. வெயில் காலத்துக்குச் சால்வை. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வாசலில் சவாரிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக விண்டர் பொம்மையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா, பொம்மைக்கு ஜுரமா? இப்டி இஸ்துப் போத்திக்கினு கீது" என்றார்.

யாரும் நின்று பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அதில் தோற்றேன். கூட்டம் நின்றது, குல்லா போட்ட பொம்மையோடு செல்ஃபி எடுத்தது, சிரித்தது, அப்படியே நெய் தோசை சாப்பிடப் போய்விட்டது. ஒரு டாப் நகரவில்லை. சின்னவருக்கு அதுபற்றிக் கவலையே இல்லை. "என்கேஜ்மென்ட் செமையா இருக்கு" என்று போனில் விழுந்த லைக்குகளைக் காட்டினார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்தார், நான் பில்லிங் மேஜையைப் பார்த்தேன்.

3. பொம்மை மேல் இருப்பது

இந்த ஊரில் துணிக்கடை நடத்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நம் கஸ்டமர் பொம்மை மேல் இருக்கிற பீஸையே கேட்பார். அதே சைஸ், அதே கலர் பிரித்துப் போட்டாலும் சமாதானம் ஆக மாட்டார். கடைக்காரன் நல்லதைப் பொம்மைக்குப் போட்டுவிட்டு மட்டத்தை நம் தலையில் கட்டுகிறான் என்பது அவர் கணக்கு. பாதி நாள் அது சரியான கணக்கும்கூட.

அதனால் எங்கள் வேலையில் போடுவதைவிடக் கழற்றுவதுதான் முக்கியம். நான் பொம்மைக்கு ஊசி குத்த மாட்டேன், டேப் ஒட்ட மாட்டேன். கேட்ட கையோடு கழற்றி, உதறி, கஸ்டமர் கையில் கொடுக்க வேண்டும். அவர் முன்னால் கழற்றினால்தான் அவருக்கு நம்பிக்கை. ஏஜென்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நான்கு பொம்மைக்கும் முன்னால் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று அட்டை வைத்தார்கள். தொடாமல் துணி வாங்குகிற ஜனம் எந்த ஊரில் இருக்கிறதோ, அங்கே போய் வைத்திருக்கலாம்.

4. மாமி

மார்கழி பிறந்து கச்சேரிகள் சூடு பிடித்த நேரம். மாலைக் கூட்டம். எங்கள் பழைய கஸ்டமர் அலமேலு மாமி அபிராமபுரத்திலிருந்து வந்திருந்தார். அன்று சின்னவர் ஏஜென்சிப் பெண்ணோடு ஷோகேஸ் பக்கம்தான் நின்றிருந்தார்.

"விஜி, சபால ஏசிய வச்சுக் கொல்றா. கை ரெண்டும் வெறச்சுப் போறது. முழுக்கை வச்சதா ஒண்ணு வேணும், புடவைக்கு உள்ள போட்டுண்டு போயிடுவேன்" என்றார் மாமி. பார்வை விண்டர் பொம்மையிடம் போய் நின்றது. "அந்தக் கோடு போட்டது நன்னாருக்கே. அதக் குடு."

நான் சின்னவரைப் பார்த்தேன். புடவைக்குள் என்ற சொல் அவர் காதில் விழுந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மாமி சைஸில் புதிய பீஸ் எடுத்துப் பிரித்துக் காட்டினேன்.

"இது வேண்டாம். பொம்மை மேல இருக்கோல்லியோ, அது."

"மேடம், அது டிஸ்ப்ளே பீஸ். தொடக் கூடாது" என்றாள் ஏஜென்சிப் பெண்.

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், பொம்மைக்குக் கோவம் வருமா?" என்று சொல்லிக்கொண்டே மேடையில் ஏறிக் கம்பளிக் கோட்டைப் பின்னாலிருந்து தூக்கினார்.

உள்ளே டாப்பின் முதுகு கழுத்திலிருந்து இடுப்பு வரை கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் டேப் ஒட்டிப் பொம்மையோடு பிடித்து வைத்திருந்தார்கள்.

மாமி அதோடு விடவில்லை. ஆட்டம் பொம்மையிடம் போய்ப் பழுப்புக் கோட்டைத் தூக்கினார். வெட்டு. ஸ்பிரிங் பொம்மையின் ஸ்வெட்டரை விலக்கினார். வெட்டு. சம்மர் பொம்மையின் சால்வையை இழுத்தார். அதுவும் வெட்டு. தெருவில் நின்றவர்கள் கண்ணாடிக்கு வெளியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள். சால்வைக்கு எனக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

"இது ஓப்பன் பேக் டிசைன் மேடம்" என்றார் சின்னவர். எப்படித்தான் வாய் வந்ததோ.

"மார்கழில முதுகத் தெறந்துண்டு கச்சேரிக்குப் போகச் சொல்றேளா?" என்றார் மாமி. நூர்ஜஹான் துணிக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நல்ல துணியை இப்படிப் பாழாக்கியதில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஏன் வெட்டினாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "கை இடுப்புல ஒட்டியிருக்கே, ஸ்லீவ் எப்படிப் போகும்? கட் பண்ணித்தான் போடணும்" என்றாள், எனக்குப் பாடம் சொல்லித் தருவதுபோல.

பொம்மையின் கை கழலும். தோள்பட்டையில் லேசாகத் தூக்கித் திருகினால் தனியாக வந்துவிடும். மணிக்கட்டுக்குக் கீழேயும் தனியாகக் கழலும். இதைத் தெரிந்துகொள்ள இலையுதிர்காலம் வரை போகவேண்டியதில்லை. அன்றைக்கு மாமி எதுவும் வாங்காமல் கிளம்பிவிட்டார். அவரைப் பார்த்துவிட்டு இன்னும் சிலரும் கிளம்பினார்கள்.

5. கை

மறுநாள் காலை சின்னவர் கூப்பிட்டார். "அக்கா, அந்தக் கை எப்படிக் கழட்டறதுன்னு ஏஜென்சிக்கு ஒரு டெமோ குடுத்துடுங்க."

"குடுக்கறேன் சார். பில்லிங்ல எனக்கு நேரம் கிடைச்சா."

நான் அவரைக் கேட்காமலே ஷோகேஸுக்குள் போனேன். குல்லா, மஃப்ளர், சருகு எல்லாவற்றையும் மூட்டை கட்டினோம். ஒரு பொம்மைக்குக் கத்தரி படாத புது டாப்பைப் போட்டு, மேலே அரக்கு நிறக் காட்டன் புடவை கட்டினேன். கழுத்துக்கு ஒற்றைச் சங்கிலி. முந்தானை குறுக்கே போனதும் பாதிக் கோடு மறைந்தது, குண்டு என்கிற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. மற்ற மூன்றையும் மழை, ஆபீஸ், ரிசப்ஷன் என்று நிறுத்தினேன். அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அந்த வாரமே டாப் நகர ஆரம்பித்தது. மாமியும் திரும்பி வந்தார். சின்னவர் வாசலிலேயே நின்றிருந்தார். மாமி நேராகப் பொம்மையிடம் போய், முதலில் முந்தானையை விலக்கி முதுகைப் பார்த்தார். பிறகு, "இதத்தான் குடுக்கணும்" என்றார்.

"நானே எடுத்துத் தரேன் மேடம்" என்று சின்னவர் மேடை ஏறினார். நூர்ஜஹான் புடவையை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார், திருகினார், எதிர்ப்பக்கம் திருகினார், வியர்த்தார். ஒருவழியாகக் கை வந்தது. டாப்பை உதறி மாமியிடம் கொடுத்தார். மாமி பில் போடப் போனதும், கழன்று விழுந்த பாகங்களை எல்லாம் பொறுக்கிப் பொம்மைக்குத் திரும்ப மாட்டினார்.

இடது மணிக்கட்டில் வலது கை, வலது மணிக்கட்டில் இடது கை. கட்டைவிரல் இரண்டும் தப்புத் திசையில் நின்றன. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"இத நீங்களே பாத்துக்கங்க அக்கா" என்றார். "எல்லா பிராஞ்சும்."

ஏஜென்சியை அதோடு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பில்லிங் மேஜை இன்னும் வாய்க்கவில்லை. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் துணியே தருவதில்லை. ஒரு பொம்மையைக் கொடுத்து, கையைக் கழற்றி மாட்டச் சொல்கிறேன். அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் ஃபேஷன்.