சோப்பு போடாதே

என் கைக்குப் போகாத கறை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையென்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்குப் படிப்பு எழுத்துக் கூட்டுகிற அளவுதான். ஆனால் வாழைக்காய்க் கறையோ மைக்கறையோ, துணியை விரலால் தடவிப் பார்த்தே இது போகும், இது ரெண்டு நாள் வெயில் கேட்கும் என்று சொல்லிவிடுவேன். என் மருமகள் டப்பா டப்பாவாக வாங்கி அடுக்குகிற பொடிகளுக்கு அது தெரியாது. இந்த வித்தையில் எனக்கு ஆசை பிடித்தது காளிகாட்டில், ஒரு மத்தியானம், ஒரு மஞ்சள் கறையைப் பார்த்து.

அப்பாவுக்கு அப்போது கல்கத்தாவில், கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் வேலை. காளிகாட்டுச் சந்து ஒன்றில் பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது. மாடியில் வீட்டுக்காரர்கள். நடுவில் பொதுவாக ஒரு முற்றம், அதில் ஒரு குழாய்.

வீட்டுக்கார அம்மாளின் சின்ன மருமகளை நான் காக்கிமா என்பேன். வங்காளத்தில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்து அம்மாவும் அவளைக் காக்கிமா என்றே கூப்பிடுவாள். கல்யாணமாகி வந்த மறு வருஷமே கரையில்லாத வெள்ளைப் புடவைக்கு மாறியவள் அவள். மாடிச் சமையலுக்குத் தினமும் மஞ்சள் அரைப்பது அவள் வேலை. அரைத்து முடித்ததும் முற்றத்துக் குழாயில் சோப்பு போட்டுக் கை கழுவுவாள். தண்ணீர் சிவப்பாக ஓடும். அவள் உள்ளங்கையின் நிறமே அப்படி, அதுதான் கரைந்து ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் கரைந்தும் தீராத கை என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

மாமியார் காளி கோயிலுக்குப் போகிற நாட்களில் காக்கிமா ஓசைப்படாமல் படியிறங்கி எங்கள் அடுக்களைக்கு வருவாள். மாடியில் அவளுக்கு ஒரு வேளைச் சோறு, அதுவும் தனிச் சட்டியில். எங்கள் வீட்டிலோ மீன் வாடையே கிடையாது. அம்மா வைக்கிற மோர்க்குழம்பில் வெங்காயம்கூட இருக்காது. அதனால் அவள் நோன்புக்குப் பழுதில்லை என்பது அம்மாவின் கணக்கு. மாமியார் கணக்கு வேறு. மதராசி வீட்டில் மருமகள் கை நனைத்தாள் என்று தெரிந்தால் அவளைக் கீழே இறங்கவே விடமாட்டார். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான்தான். சாதம், குழம்பு, போடு, போதும். நாலே சொல். அந்த நாலை வைத்துக்கொண்டே வயிறாரச் சாப்பிட்டுப் போவாள். "ஆர் ஏக்டு போடு" என்பாள். இன்னும் கொஞ்சம் போடு என்று பாதி வங்காளமும் பாதித் தமிழுமாய்.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டாள். அம்மா கரண்டியைச் சாய்த்தபோது அவள் ஏதோ சொல்லித் திரும்பினாள். மோர்க்குழம்பு முந்தானையில் கொட்டிவிட்டது. வெள்ளையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அந்தம்மா வந்துடுமே" என்றாள். காக்கிமா எழுந்து குழாயடிக்குப் போனாள். சோப்பைக் கையில் எடுத்தாள்.

அம்மா அடுக்களையிலிருந்தே சத்தம் போட்டாள்: "காக்கிமா, சோப்பு போடாதே. போடாதே."

காக்கிமா தலையாட்டிவிட்டு அழுத்தித் தேய்த்தாள்.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. அவளுக்குப் 'போடு' தெரியும். 'போடாதே' தெரியாது. எங்கள் வீட்டில் அவளைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மஞ்சளைக் காணோம். அந்த இடம் முழுக்க ரத்தச் சிவப்பு. என் ஆயுளில் அதுவரை அப்படி ஒரு வேடிக்கை பார்த்ததில்லை. "லால், காக்கிமா, லால்" என்று குதித்தேன். அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையைப் பிழிந்து, ஈரத்தோடு தலையில் போட்டுக்கொண்டாள். சிவப்பு சரியாக வகிட்டின் மேல், அந்த ஊர்ச் சுமங்கலிகள் குங்குமம் இழுக்கிற இடத்தில், வந்து நின்றது. குழாயடிச் சுவரில் அப்பா சவரம் செய்கிற கண்ணாடி தொங்கும். அதன் முன்னால் போய் நின்றாள்.

"அழகா இருக்கு காக்கிமா" என்றேன்.

அம்மா வந்து எனக்குத் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "உன்னைக் கேட்டாங்களா? போய் எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வா." நான் போகவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். அவளை அம்மா அவசரப்படுத்தவும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "போதும்மா. கொடு."

போதும், அவளுக்குத் தெரிந்த சொல். முந்தானையை இறக்கிக் கொடுத்தாள்.

அம்மாவே எலுமிச்சம்பழம் எடுத்துவந்து பிழிந்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளாகிவிட்டது. "அம்மா, இன்னொரு தடவை சோப்பு போடேன்" என்று கெஞ்சி இரண்டாவது குட்டும் வாங்கினேன். மஞ்சளை வெயில் குடித்துவிடும், வெயிலைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும் என்றாள் அம்மா. எங்கள் முற்றத்தில் வெயில் ஒரு பாய் அகலத்துக்கு விழும், விழுந்த இடத்தில் நிற்கவும் நிற்காது. புடவையை மாற்றிக் கட்ட அம்மாவிடம் வெள்ளை கிடையாது. ஆகவே காக்கிமா நிழலில் உட்கார்ந்துகொள்ள, நான் முந்தானையின் நுனியைப் பிடித்து வெயிலில் விரித்துக்கொண்டு நின்றேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். எனக்குப் பின்னால் அவளும் நகர்ந்தாள். கண்ணெதிரே நிறம் இளைத்துக்கொண்டே போனது. யார் அதைத் தின்கிறார்கள் என்று துணிக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தேன்.

வெயில் சுவரேறிய நேரத்தில் தெருக்கதவு திறந்தது. மாமியார், கையில் பிரசாதத் தொன்னையோடு.

"முந்தானை ஏன் ஈரமாயிருக்கு?" என்று வங்காளத்தில் கேட்டார். அவர் முந்தானையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். "எலுமிச்சை வாடை அடிக்குதே?"

அம்மாவுக்கு வங்காளம் அரைகுறை. "சர்பத், சர்பத்" என்றாள். அதோடு நிறுத்தாமல் மிச்சப் பழத்தைப் பிழிந்து, சர்க்கரை கலக்கி, அவரிடமே ஒரு தம்ளரை நீட்டினாள். நாங்கள் தொட்ட தண்ணீர் அவர் தொண்டையில் இறங்காது. "வேண்டாம், வேண்டாம்" என்று தொன்னையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறிவிட்டார். காக்கிமா பின்னால் போனாள். படித் திருப்பத்தில் நின்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தத் தம்ளரை நான் குடித்தேன்.

மறுநாளிலிருந்து எனக்குப் பெரிய பொறுப்பு வந்துவிட்டது. வாத்தியார் சரியாகச் சொல்லிக்கொடுக்காததால்தானே இத்தனை பாடு. அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "போடுன்னா வேணும். போடாதேன்னா வேண்டாம். எங்கே, சொல்லு." அவள் சமர்த்தாகச் சொன்னாள். போடு. போடாதே. ஒரு பிசிறில்லை. வங்காளிப் பெண்ணுக்கு ரெண்டே தடவையில் வந்துவிட்டதே என்று எனக்கு என் மேலேயே மதிப்புக் கூடியது.

அடுத்த நாள் காலை அவள் வழக்கம்போல் மஞ்சள் அரைத்த கையோடு குழாயடிக்கு வந்தாள். சோப்பை எடுத்தாள். நான் பரீட்சை வைக்க நினைத்து, "காக்கிமா, சோப்பு போடாதே" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையிலும் நுரை வரத் தேய்த்தாள். மஞ்சள் விரல்கள் சிவந்தன. அந்தக் கையை உடனே கழுவாமல், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குழாயடியில் நீட்டினாள். தண்ணீர் எப்போதும்போல் சிவப்பாக ஓடியது.

நான் உள்ளே ஓடி, "அம்மா, காக்கிமாவுக்கு இன்னும் தமிழ் வரல" என்றேன்.

அம்மா மோர்க்குழம்புக்கு மஞ்சள்பொடி எடுத்துக்கொண்டிருந்தாள்.